‘முதல் கறுப்பின நடனமணி’ என்ற பட்டத்துக்கு முன்னால் ஆடியவர்கள்: பாலேயிலும் நவீன நடனத்திலும்

கூத்தரங்கன்:

மிஸ்டி கோப்லாண்ட் 2025 அக்டோபரில் அமெரிக்கன் பாலே தியேட்டரின் மேடையிலிருந்து விடைபெற்றார். அதையொட்டித் தமிழில் பகிரப்பட்ட குறிப்புகள் சிலவற்றில் அவர் பாலே உலகின் முதல் கறுப்பின முதன்மைக் கலைஞர் என்று எழுதப்பட்டிருந்தது. கலிஃபோர்னியாவின் சான் பெட்ரோவில் சிறுவர் மன்றம் ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் 13 வயதில் பாலேயைத் தொடங்கியவர் அவர். பெரும்பாலானோர் அந்த வயதுக்குள் பல ஆண்டுப் பயிற்சியை முடித்திருப்பார்கள். 2015 ஜூன் 30 அன்று, 75 ஆண்டு வரலாறு கொண்ட அக்குழுவில் மிக உயர்ந்த படிநிலையான முதன்மை நிலையை அடைந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் என்ற இடம் அவருக்கு உரியது. அந்தப் பெருமை அந்த ஒரு குழுவைச் சார்ந்தது என்பதை மட்டும் நாம் விட்டுவிடக் கூடாது.

ஹூஸ்டன் பாலே குழுவில் லாரன் ஆண்டர்சன் 1990 ஆம் ஆண்டிலேயே முதன்மைக் கலைஞரானார். கால்விரல் நுனியில் நின்று ஆட அணியும் அவருடைய பாயின்ட் காலணிகள் இன்று வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவருக்கு எட்டு ஆண்டுகள் முன்பாக, 1982 இல், டெப்ரா ஆஸ்டின் பென்சில்வேனியா பாலேயில் அதே நிலையை அடைந்திருந்தார். அதற்கும் முன்பே டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் என்ற குழுவில் முதன்மைப் பாத்திரங்கள் அனைத்தையும் கறுப்பினப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவரான லிடியா அபார்காவின் படம் 1975 இல் ‘டான்ஸ் மேகசின்’ இதழின் அட்டையில் வந்தது. அக்குழுவின் தொடக்க காலத்தில் ஆடிய ஐந்து பெண்கள், தங்கள் வரலாறு மறக்கப்படுவதைக் கண்டு, 2020 இல் தங்களுக்கென ஒரு மன்றத்தையே அமைக்க வேண்டியிருந்தது. உயிரோடு இருக்கும்போதே தாங்கள் அழிக்கப்படுவதைப் பார்க்க நேர்வது எவ்வளவு பெரிய வேதனை என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஒவ்வொரு முறையும் ஒருவரை ‘முதல்வர்’ என்று அறிவிக்கும்போது அவருக்கு முன்னால் ஆடியவர்களை நாம் ஒரு படி இருட்டுக்குள் தள்ளுகிறோம் என்பது என் கருத்து. ஆகவே இந்த இழையில், யார் எந்தக் கதவைத் திறந்தார் என்பதோடு நின்றுவிடாமல், அவர்கள் என்ன ஆடினார்கள், யாரிடம் கற்றார்கள், யாருக்குக் கற்பித்தார்கள் என்பதையும் எழுதும்படி நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மரகதவல்லி:

நல்ல தொடக்கம், கூத்தரங்கன் ஐயா. ஆயினும் கதவைப் பற்றிய பேச்சை அவ்வளவு விரைவாகக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தக் கதவு மெய்யாகவே பூட்டப்பட்டிருந்தது.

ஜேனட் காலின்ஸ் 1917 இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்தவர். பதினைந்து வயதளவில் அவர் பாலே ரூஸ் டி மான்டி கார்லோ குழுவின் தேர்வுக்குச் சென்றார். அவருடைய ஆட்டம் அங்கே பிடித்திருந்தது. ஆனால் மேடையில் முகத்துக்கும் உடலுக்கும் வெள்ளைப் பூச்சு பூசிக்கொள்ள வேண்டும் என்றார்கள். அந்தச் சிறுமி மறுத்துவிட்டுத் திரும்பினார். பின்னர், 1951 நவம்பரில், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவில் ‘ஐடா’ நிகழ்ச்சியில் முதன்மை நடனமணியாக அவர் மேடையேறினார். கறுப்பினப் பாடகி மேரியன் ஆண்டர்சன் அதே அரங்கில் பாடியது 1955 ஜனவரியில்தான் என்பதை நினைத்தால், பாடகர்களுக்கு முன்பாகவே நடனம் அந்த வாசலைக் கடந்திருக்கிறது என்பது புரியும். அப்போதும்கூட, குழு தென் மாநிலங்களுக்குப் பயணம் போனபோது, சில ஊர்களில் நிறவெறிச் சட்டங்கள் காரணமாக அவருடைய பாத்திரத்தை மாற்றுக் கலைஞர்கள் ஆடினார்கள்.

காலின்ஸைத் திருப்பி அனுப்பிய அதே பெயர் கொண்ட குழுவில் 1955 இல் ரேவன் வில்கின்சன் சேர்ந்தார். வெளிறிய நிறம் கொண்டவர் என்பதால் அவருடைய இனம் பார்வையாளர்களுக்கு உடனே தெரியாது. குழுவும் அதை வெளியே சொல்லாமல் இருப்பதையே விரும்பியது. இரண்டாம் பருவத்திலேயே அவர் தனிநடனக் கலைஞராக உயர்ந்தார். 1957 இல் அட்லாண்டாவில் ஒரு விடுதியில் அவரிடம் நேரடியாகக் கேட்டார்கள். அவர் பொய் சொல்ல மறுத்ததால் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அலபாமாவின் மான்ட்கமரியில் கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பினர் திரண்டிருந்த வேளையில் குழு அங்கே போய்ச் சேர்ந்தது. படிப்படியாகத் தென் மாநிலப் பயணங்களிலிருந்து அவர் ஒதுக்கப்பட்டார், 1961 இல் குழுவை விட்டு விலகினார். ஆறு ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தின் தேசியப் பாலே குழுதான் அவருக்கு இடம் கொடுத்தது.

சொந்த நாட்டில் ஆட இடமில்லாமல் கடல் கடந்து போனவர் 2015 ஜூனில், தம் 80 ஆம் வயதில், நியூயார்க்கில் ‘ஸ்வான் லேக்’ ஆடி முடித்த மிஸ்டி கோப்லாண்டுக்கு மேடையிலேயே மலர்க்கொத்து கொடுத்தார். கோப்லாண்ட் தம் முன்னோரை மறைத்தவர் அல்லர். வில்கின்சனின் பெயரைத் தாம் போகும் இடமெல்லாம் சொல்லிவந்தவர் அவர். மறந்தவர்கள் பட்டம் சூட்டிய நாம்தான்.

தாளக்கட்டு:

இருவரும் பாலேயைப் பற்றியே எழுதுவதால் என் கருத்தைச் சற்று வலுவாகவே முன்வைக்க விரும்புகிறேன். பாலே ஐரோப்பிய அரசவைகளில் உருவான கலை. அதன் கதவைத் தட்டிக் காத்து நின்றவர்களின் வரலாற்றைவிட, தமக்கென ஒரு மொழியையே உடலால் படைத்துக்கொண்டவர்களின் வரலாறு பெரிது என்று நான் கருதுகிறேன். நவீன நடனத்தில் கறுப்பினக் கலைஞர்கள் விருந்தினராக நுழையவில்லை. அந்த வீட்டைக் கட்டியவர்களில் அவர்களும் உண்டு.

கேதரின் டன்ஹாமை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் பயின்றவர், ரோசன்வால்ட் நல்கையைப் பெற்று 1935 இல் கரீபியத் தீவுகளுக்குச் சென்றார். ஜமைக்காவில், தப்பியோடிய அடிமைகளின் வழிவந்த மரூன் மக்களோடு வாழ்ந்தார். ஹெய்ட்டியில் வோடூன் வழிபாட்டின் நடனங்களை வேடிக்கை பார்க்கும் வெளியாளாக நின்று குறிப்பெடுக்காமல், சடங்குகளில் தாமே பங்கெடுத்துக் கற்றார். தண்டுவடம் அலையலையாக நெளியும் யான்வலு அசைவையும், தோள், விலா, இடுப்பு ஆகியவற்றைத் தனித்தனியே இயக்கும் முறையையும், ஒரே உடலில் இரண்டு மூன்று தாளங்கள் ஓடும் நுட்பத்தையும் கம்பியைப் பிடித்து நின்று செய்யும் பாலேப் பயிற்சியோடு இணைத்து அவர் உருவாக்கிய முறை இன்றும் டன்ஹாம் முறை என்ற பெயரிலேயே கற்பிக்கப்படுகிறது. 1951 இல் சிலியின் சாந்தியாகோவில், கும்பல் படுகொலையைக் கருவாகக் கொண்ட ‘சவுத்லாண்ட்’ என்ற படைப்பை அவர் மேடையேற்றியபோது அமெரிக்க வெளியுறவுத் துறை கடும் அதிருப்தி கொண்டது. பின்னாளில் பிற குழுக்களுக்குக் கிடைத்த அரசு ஆதரவு அவருக்குக் கிடைக்கவில்லை. 1992 இல், 82 வயதில், ஹெய்ட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்புவதை எதிர்த்து 47 நாள் உண்ணாநோன்பு இருந்தார்.

டிரினிடாடில் பிறந்த பேர்ல் ப்ரைமஸ் உயிரியல் பட்டதாரி. கறுப்பினத்தவர் என்பதால் ஆய்வகங்களில் வேலை கிடைக்காமல் நடனத்துக்கு வந்தவர். கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் மரத்தில் தொங்கவிட்டுக் கொல்வதைப் பற்றி 1943 இல் அவர் ஆடிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ நடனத்தில் நம்மை உறைய வைப்பது அவர் எடுத்துக்கொண்ட பாத்திரம். தொங்கவிடப்பட்டவரை அவர் ஆடவில்லை. கொலையைப் பார்த்து நின்ற கும்பலில் ஒரு பெண், எல்லோரும் போன பிறகு, தான் எதைச் செய்தோம் என்பதை உணரும் கணத்தை ஆடினார். ஒரு கறுப்பினப் பெண் தன் உடலைக் கொலைகாரக் கும்பலின் மனச்சான்றுக்குக் கொடுத்தார் என்பதை நினைக்கும்போது, அந்தக் கலைத்துணிவுக்கு இணையாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

இனி ஆல்வின் எய்லி. 1931 இல் டெக்சஸின் ரோஜர்ஸ் என்ற சிற்றூரில் பிறந்து, பருத்தி வயல்களையும் பாப்டிஸ்ட் தேவாலயத்தையும் பார்த்து வளர்ந்தவர். லாஸ் ஏஞ்சலிஸில் லெஸ்டர் ஹார்ட்டனிடம் பயின்றார். எல்லா இனத்தவரையும் ஒரே மேடையில் ஆடவைத்த, அக்காலத்துக்கு அரிய ஆசிரியர் ஹார்ட்டன். 1958 மார்ச் 30 அன்று நியூயார்க்கின் 92 ஆம் தெரு ஒய் அரங்கில் எய்லியின் குழு முதன்முதலாக ஆடியது. 1960 ஜனவரி 31 அன்று அதே அரங்கில் ‘ரெவலேஷன்ஸ்’ மேடையேறியது.

இந்தப் படைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். திரை விலகும்போது ஒன்பது பேர் ஆப்பு வடிவில் நெருங்கி நிற்கிறார்கள். மண்ணின் பழுப்பு நிற ஆடை. முழங்கால்கள் மடிந்து எடை முழுவதும் தரையை நோக்கி இருக்க, விரல்கள் அகல விரிந்த கைகள் மட்டும் மேலே எழுகின்றன. எடையைத் தரைக்கும் ஏக்கத்தை வானுக்கும் பிரித்துக் கொடுக்கும் இந்த ஒரு நிலையிலேயே அடிமை வாழ்வின் துயரும் நம்பிக்கையும் வந்துவிடுகின்றன. இரண்டாம் பகுதியில் வெண்ணிற ஆடை, பெரிய குடை, மேடையின் குறுக்கே அலையாக ஆடும் நீலத் துணிகள் ஆகியவற்றால் ஆற்றில் நடக்கும் ஞானஸ்நானம் உருவாகிறது. ‘ஐ வான்னா பி ரெடி’ என்ற ஆண் தனிநடனம் ஏறத்தாழ முழுவதும் தரையிலேயே நிகழ்வது. அமர்ந்த நிலையில் கால்களையும் உடற்பகுதியையும் ஒரே நேரத்தில் தரைக்கு மேலே தாங்கி, மெல்ல மெல்ல இறக்கும் அந்த அசைவுகளுக்கு வயிற்றுத் தசையின் வலிமை எவ்வளவு வேண்டும் என்பது முயன்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பார்ப்பவருக்கு வலிமை தெரிவதில்லை, மரணத்துக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ளும் ஒரு மனிதர் மட்டுமே தெரிகிறார். இறுதிப் பகுதியில் மஞ்சள் ஆடையும் தொப்பியும் விசிறியுமாகப் பெண்கள் முக்காலிகளோடு வந்து அமர்ந்து, கோடை வெயிலில் தேவாலயத்தில் நடக்கும் வம்புப் பேச்சையும் வழிபாட்டையும் சேர்த்தே ஆடுகிறார்கள்.

தம் இரத்தத்தில் ஓடும் நினைவுகளிலிருந்து இதைப் படைத்ததாக எய்லி சொல்லிவந்தார். இப்படி ஒரு செல்வம் இருக்கும்போது, அன்னப்பறவை வேடம் யாருக்குக் கிடைத்தது என்பதை ஏன் அளவுகோலாக வைக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

இளவேனில்:

நான் கல்லூரி மாணவி. இந்தக் கலைஞர்களுள் பலரின் பெயரை இங்கேதான் முதலில் படிக்கிறேன். தாளக்கட்டு அண்ணா சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் ஒரு கறுப்பினச் சிறுமிக்குப் பாலே பிடித்திருந்தால், அது உன் மரபு இல்லை என்று அவளிடம் சொல்வதும் ஒருவகை விலக்கல்தானே?

கூத்தரங்கன்:

இளவேனில், மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். ‘உன் மரபு இல்லை’ என்ற அந்த வாதத்தைத்தான் அன்றைய வெள்ளையர் உலகமும் சொன்னது. நியூயார்க் டைம்ஸ் இதழில் 1927 முதல் 35 ஆண்டுகள் நடன விமர்சகராக இருந்த ஜான் மார்ட்டின், பாலேயின் ஐரோப்பியக் கண்ணோட்டம் கறுப்பினக் கலைஞர்களின் பண்பாட்டுக்கும் இயல்புக்கும் உடலமைப்புக்கும் அந்நியமானது என்று 1960களிலும் எழுதினார். தாளக்கட்டு பெருமிதத்தோடு சொல்வதும் மார்ட்டின் இழிவாகச் சொன்னதும் நோக்கத்தில் முற்றிலும் வேறானவை என்பதை நான் அறிவேன். ஆனால் இரண்டும் அந்தச் சிறுமியை ஒரே வாசலிலிருந்துதான் திருப்பி அனுப்புகின்றன.

மேலும் அமெரிக்கப் பாலேயைக் கலப்பற்ற ஐரோப்பியக் கலையாகக் கருதுவதும் சரியன்று. நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சின் 1940 இல் ‘கேபின் இன் த ஸ்கை’ என்ற பிராட்வே நிகழ்ச்சிக்காகக் கேதரின் டன்ஹாமோடு சேர்ந்து வேலை செய்தார். கறுப்பினக் கலைஞர்களான ஜோசஃபின் பேக்கருக்கும் நிக்கலஸ் சகோதரர்களுக்கும் நடனம் அமைத்தவர் அவர். முன்தள்ளும் இடுப்பு, மையம் விலகிய சமநிலை, தாளத்தின் எதிரடியில் விழும் காலடி என்று அவருடைய பாலேயை ரஷ்யப் பாலேயிலிருந்து பிரித்துக் காட்டும் கூறுகள் பலவற்றுக்கு ஆப்பிரிக்க அமெரிக்க நடனமே ஊற்று என்று ஆய்வாளர் பிரெண்டா டிக்சன் காட்ஸ்சைல்ட் விரிவாக நிறுவியிருக்கிறார். கறுப்பின மக்கள் பாலேக்குள் வருவதற்கு முன்பே அவர்களுடைய அசைவு உள்ளே போய்விட்டது. ஆளை வெளியே நிறுத்திவிட்டு அசைவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது ஆர்தர் மிட்செலைப் பற்றிப் பேசலாம். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் மிகுந்து வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் 1934 இல் பிறந்தவர், 1955 இல் பாலன்சினின் நியூயார்க் சிட்டி பாலேயில் சேர்ந்தார். 1957 இல் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்குப் பாலன்சின் அமைத்த ‘அகான்’ என்ற படைப்பில், இருவர் ஆடும் மையப் பகுதியை மிட்செலுக்கும் டயானா ஆடம்ஸ் என்ற வெள்ளை இனப் பெண்ணுக்கும் அமைத்தார். லிட்டில் ராக் நகரப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைய இராணுவக் காவல் தேவைப்பட்ட அதே ஆண்டு அது. ஒருவர் கையை ஒருவர் பற்றி, கால்களைப் பின்னி, முறியும் எல்லைவரை உடலை இழுத்துத் தாங்கும் அந்த நடனத்தில், இருவரின் தோல் நிறங்களும் அருகருகே இருப்பதும் அமைப்பின் ஒரு கூறாகவே கருதப்பட்டது என்று மிட்செல் பின்னர் கூறியிருக்கிறார். அமெரிக்க வணிகத் தொலைக்காட்சியில் அந்த நடனம் 1968 வரை காட்டப்படவில்லை.

அதே 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். பிரேசிலில் ஒரு தேசியப் பாலே குழுவை அமைக்கும் பணியில் இருந்த மிட்செல், தம் உழைப்பு தாம் பிறந்த தெருக்களுக்கே போக வேண்டும் என்று முடிவு செய்தார். தம் ஆசிரியர் கேரல் ஷுக்கோடு சேர்ந்து 1969 இல் டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெமைத் தொடங்கினார். வாகனக் கொட்டகை ஒன்றில் வகுப்புகள் நடந்தன. வெயில் காலத்தில் கதவைத் திறந்தே வைத்ததால் தெருவில் போகும் பிள்ளைகள் நின்று பார்த்து உள்ளே வந்தார்கள். சில மாதங்களில் மாணவர் எண்ணிக்கை முப்பதிலிருந்து நானூறானது.

1984 இல் அவர்கள் ஆடிய ‘கிரியோல் ஜிசெல்’ பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூலக் கதையில் ஜிசெல் ஒரு குடியானவப் பெண், அவளை ஏமாற்றுபவன் பிரபு. மிட்செல் அதை 1840களின் லூசியானாவுக்குக் கொண்டுபோய், விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்களுக்கு நடுவே வைத்தார். அங்கே ஒருவரின் தகுதி, அவர் குடும்பம் அடிமைத்தளையிலிருந்து எத்தனை தலைமுறை விலகியிருக்கிறது என்பதைக் கொண்டு அளக்கப்படுகிறது. அசைவுகள் பெரும்பாலும் பழையவையே, ஆனால் கதையின் வலி வேறாகிவிடுகிறது. அந்த ஜிசெல்லை ஆடிய வர்ஜீனியா ஜான்சன் பின்னர் அக்குழுவின் கலை இயக்குநரும் ஆனார்.

பனிமலர், லண்டன்:

நான் நடன வரலாறு படித்தவள் அல்லள், என் மகள் பாலே கற்கிறாள் என்பதால் இந்தப் பொருளில் எனக்கு ஈடுபாடு வந்தது. ஒரு சிறிய பொருளைப் பற்றி எழுதுகிறேன், ஆனால் அது சிறிய விஷயம் இல்லை. காலுறையும் பாயின்ட் காலணியும்தான் அவை.

பாலேயில் இளஞ்சிவப்புக் காலுறைக்கும் அதே நிறக் காலணிக்கும் ஒரு காரணம் உண்டு. இடுப்பிலிருந்து பெருவிரல் நுனி வரை கால் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். வெள்ளைத் தோலுக்கு அந்த நிறம் ஏறத்தாழப் பொருந்துவதால் கோடு நீள்கிறது. கறுத்த தோலுடைய ஒரு பெண் அதை அணியும்போது, கைகளும் தோள்களும் ஒரு நிறமாகவும் கால்கள் வேறு நிறமாகவும் ஆகி, உடல் இடுப்பில் வெட்டுப்படுகிறது. அதாவது எந்தக் கலைக் காரணத்துக்காக அந்த விதி வந்ததோ, அந்தக் காரணத்தையே அது அவளுக்கு மறுக்கிறது.

ஹார்லெம் குழுவில் லாஞ்சி ஸ்டீவன்சன் என்ற கலைஞர் தம் தோல் நிறத்திலேயே காலுறை அணிய விரும்பினார். மிட்செல் அதை ஏற்று, 1970களின் நடுவில் குழு முழுவதற்கும் நடைமுறையாக்கினார். ஒவ்வொருவரும் தமக்கான நிறத்தைத் தாமே கலந்து, காலுறைக்குச் சாயம் ஏற்றி, காலணிக்கும் பூசிக்கொண்டார்கள். அந்தக் குழுவின் படங்களைப் பார்த்தால், வரிசையில் நிற்கும் கால்கள் எல்லாம் வெவ்வேறு பழுப்பாக இருந்தும் ஒவ்வோர் உடலும் முழுமையாகத் தெரிவதைக் காணலாம்.

மற்ற இடங்களில் அந்த உழைப்பு முழுவதும் கலைஞரின் தலையில்தான் விழுந்தது. புதிய காலணி ஒவ்வொன்றுக்கும் முகப்பூச்சைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி நிறமேற்ற வேண்டும். தொழில்முறைக் கலைஞர் ஒருவர் ஒரு பெரிய நிகழ்ச்சியிலேயே ஒரு இணையைத் தேய்த்துவிடுவார். அடுத்த நாள் மீண்டும் அதே வேலை, அதே செலவு. லண்டனில் 1929 முதல் பாலே காலணி செய்துவரும் ஃப்ரீட் நிறுவனம் பழுப்பிலும் வெண்கல நிறத்திலும் பாயின்ட் காலணிகளை 2018 இல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கசா பாஞ்சோ 2001 இல் தொடங்கிய பாலே பிளாக் குழுவும் அதன் மூத்த கலைஞர் சிரா ராபின்சனும் அதற்குத் துணை நின்றார்கள்.

அந்தக் காலணி என் மகளுடைய காலுக்கும் பொருந்துகிறது. எங்கள் தமிழ்ப் பிள்ளைகளின் தோலுக்கும் இளஞ்சிவப்பு பொருந்தியதில்லை, ஆனால் அதைக் கேட்கலாம் என்ற எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை. நாங்கள் கேட்காத கேள்வியை ஹார்லெமில் ஒரு பெண் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறார். அந்த நன்றியைச் சொல்லவே இதை எழுதினேன்.

மரகதவல்லி:

பனிமலர், உங்கள் பதிவை இருமுறை படித்தேன். நன்றி.

கூத்தரங்கன் ஐயா ஆசிரியர்களைப் பற்றிக் கேட்டிருந்தார். என் பார்வையில் இந்த வரலாற்றின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. வெள்ளையர் பள்ளிகள் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த காலத்தில், வாஷிங்டனில் டோரிஸ் ஜோன்ஸும் கிளேர் ஹேவுட்டும் 1941 இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். ஜோன்ஸ் பாஸ்டனில் வளர்ந்தவர். தாம் அறிந்த, காலணியால் தாளம் தட்டி ஆடும் டேப் நடனத்தைக் கற்றுக்கொடுத்து அதற்கு மாற்றாகப் பாலே கற்றவர். அவர்களுடைய மாணவர் சில்வெஸ்டர் கேம்பல் ஐரோப்பாவுக்குப் போய் நெதர்லாந்து தேசியப் பாலேயில் முன்னணிக் கலைஞரானார். நான் முன்பு சொன்ன ரேவன் வில்கின்சனை அக்குழுவுக்கு வரச்சொல்லி ஊக்கப்படுத்தியவர் அவர்தான். வாஷிங்டனில் இரண்டு பெண்கள் தொடங்கிய பள்ளி இல்லையென்றால் வில்கின்சனின் நடன வாழ்வு 1961 இலேயே முடிந்திருக்கக்கூடும்.

ஃபிலடெல்ஃபியாவில் மேரியன் கியூஜெட் 1948 இல் ஜூடிமார் என்ற பள்ளியைத் தொடங்கினார். அங்கே ஆறு வயதில் சேர்ந்த ஒரு சிறுமிதான் ஜூடித் ஜேமிசன். அதே நகரில் ஜோன் மையர்ஸ் பிரவுன் 1960 இல் பள்ளியையும் 1970 இல் ஃபிலடான்கோ குழுவையும் தொடங்கினார். தாம் வளர்த்த கலைஞர்கள் பெரிய குழுக்களுக்குப் போய்விடுவார்கள் என்று தெரிந்தே அவர் அரை நூற்றாண்டுக்கு மேல் வளர்த்துக்கொண்டிருந்தார். கறுப்பின நடன ஆசிரியர்களும் குழுத் தலைவர்களும் ஒன்றுகூடும் மாநாட்டை 1988 இல் தொடங்கிவைத்தவரும் அவரே. இவர்களுடைய பெயரோடு ‘முதல்’ என்ற சொல் பெரும்பாலும் வருவதில்லை. இவர்களைக் கொண்டாடாமல் இந்தக் கொண்டாட்டம் நிறைவு பெறாது என்ற அளவில் கூத்தரங்கன் ஐயாவோடு முழுமையாக உடன்படுகிறேன்.

தாளக்கட்டு:

இளவேனில் கேட்டதும் கூத்தரங்கன் சொன்னதும் என்னைச் சிந்திக்க வைத்தன. பாலேயும் நவீன நடனமும் இங்கே இரண்டு தனி வரலாறுகள் அல்ல என்பதை மரகதவல்லி அம்மையாரின் பதிவே காட்டுகிறது. ஜேமிசன் பாலே மாணவியாகத் தொடங்கி, 1965 இல் எய்லியின் குழுவுக்கு வந்தவர். 1971 இல் தம் தாயின் பிறந்தநாளுக்காக எய்லி அமைத்த ‘கிரை’ என்ற தனிநடனத்தை அவர் ஆடினார். உலகெங்குமுள்ள கறுப்பினப் பெண்களுக்கு, குறிப்பாகத் தாய்மாருக்கு, அது காணிக்கையாக்கப்பட்டது.

அதில் ஒரு நீண்ட வெள்ளைத் துணி வருகிறது. ஒரு கணம் அது காணிக்கைபோல் ஏந்தப்படுகிறது, அடுத்த கணம் தரையைத் துடைக்கும் கந்தையாகிறது, பின்பு தோளைச் சுற்றிய அரசியின் சால்வையாகிறது. ஏறத்தாழப் பதினாறு நிமிடம், மேடையில் ஒரே ஒரு பெண், மூச்சு வாங்க இடமில்லாத ஆட்டம். உயரமான, நீண்ட கைகால்கள் கொண்ட ஜேமிசனின் உடலைப் பாலே உலகம் எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டிருந்தது. எய்லி அந்த உயரத்தையே படைப்பின் அடித்தளமாக்கினார். 1989 டிசம்பரில் எய்லி இறந்தபின் குழுவை 2011 வரை வழிநடத்தியவரும் ஜேமிசன்தான். 2024 நவம்பரில் அவர் மறைந்தார்.

ஆயினும் ஒரு கருத்தில் நான் மாறவில்லை. கறுப்பினக் கலைஞர்களுக்கெனத் தனிக் குழுக்கள் இன்றும் வேண்டும். பெரிய குழுக்கள் ஒருவரை இருவரைச் சேர்த்துக்கொள்வதால் அந்தத் தேவை தீர்ந்துவிடாது.

இளவேனில்:

பாரிஸ் ஓப்பராவைப் பற்றி நான் அண்மையில் படித்ததை இங்கே சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். 2020 இல் அங்கே பணியாற்றிய கறுப்பின, கலப்பினக் கலைஞர்கள் ஓர் அறிக்கை எழுதினார்கள். முகத்தில் கறுப்புப் பூசி ஆடும் வழக்கத்தை நிறுத்துவதும், தோலுக்கேற்ற காலுறையும் ஒப்பனைப் பொருள்களும் வழங்குவதும் அவர்களுடைய கோரிக்கைகளில் அடங்கும். அறிக்கையை எழுதியவர்களுள் ஒருவரான கியோம் டியோப், 2023 மார்ச்சில் சியோலில் ‘ஜிசெல்’ ஆடி முடித்ததும், இடையில் ஒரு படிநிலையைத் தாண்டி, அக்குழுவின் மிக உயர்ந்த எத்துவால் நிலைக்கு உயர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு 23 வயது. கோரிக்கை வைத்தவரே உச்சத்துக்கு வந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. முகத்தில் கறுப்புப் பூசுவது பற்றிய சர்ச்சை பெரும்பாலும் ‘லா பயடேர்’ என்ற பாலேயைச் சுற்றியே எழுந்தது. அது ஐரோப்பியர் கற்பனை செய்த இந்தியாவில், கோயில் நடனப் பெண் ஒருத்தியைப் பற்றிய கதை. அதற்கு முன்பே, 1838 இல், புதுச்சேரியை அடுத்த திருவேந்திபுரத்திலிருந்து தேவதாசிகள் குழு ஒன்று பாரிஸுக்குச் சென்று ஆடியது. 2019 டிசம்பரில் ரஷ்யாவில் அந்தப் பாலேக்காகக் கறுப்புப் பூசிய இரண்டு சிறுமிகளின் படத்தை மிஸ்டி கோப்லாண்ட் வெளியிட்டுக் கண்டித்தபோது, போல்ஷோய் அரங்கின் தலைவர் அந்த வழக்கத்தை மாற்ற மறுத்துவிட்டார்.

கூத்தரங்கன்:

இளவேனில் தந்த செய்திக்கு நன்றி. தாளக்கட்டு இறுதியாக எழுப்பிய கருத்தை ஏற்கிறேன். அதற்குப் பணமே முதல் தடை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் கடன் சுமையால் 2004 இல் மேடை நிகழ்ச்சிகளை நிறுத்தியது. பள்ளி தொடர்ந்து நடந்தது, ஆனால் குழு மீண்டும் ஆடத் தொடங்கியது 2012 இல்தான். அந்த எட்டு ஆண்டுகளில் அங்கே இருந்திருக்க வேண்டிய ஒரு தலைமுறைக் கலைஞர்கள் சிதறிப்போனார்கள். 2004 இல் அக்குழுவில் ஆடிக்கொண்டிருந்த அலிஷியா கிராஃப் மேக் அதற்கு அடுத்த ஆண்டு எய்லியின் குழுவில் சேர்ந்தார். பின்னர் ஜூலியார்ட் பள்ளியின் நடனத் துறைக்குத் தலைவராக இருந்து, 2025 இல் எய்லி குழுவின் கலை இயக்குநராகப் பொறுப்பேற்றிருக்கிறார். பாலேயில் வளர்ந்து நவீன நடனத்தில் தலைமை ஏற்ற அவரிடமிருந்து என்ன வரப்போகிறது என்பதை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

இந்த இழையில் டொனால்ட் மெக்கேல், டாலி பீட்டி, கார்மன் டி லவாலாட், ஹூஸ்டனில் லாரன் ஆண்டர்சனோடு இணைந்து ஆடிய கியூபாவின் கார்லோஸ் அகோஸ்டா ஆகியோர் இன்னும் வரவில்லை. மெக்கேல் 1959 இல் சங்கிலியில் பிணைக்கப்பட்ட கைதிகளைப் பற்றி அமைத்த நடனத்தைப் பற்றித் தாளக்கட்டு எழுதினால் மகிழ்வேன்.